வேலைத்தளத்தில் ஒரு கொப்பி

கட்டட வேலைக்குச் செல்லும் கமக்காரர்கள் பாதுகாப்புக் கூட்டங்களை எழுதி வைப்பது ஏன், எப்படி?

காணியை விட்டு வெளியேறிய கமக்காரக் குடும்பங்கள் அனைத்துக்கும் பொதுவான ஓர் அனுபவம் உண்டு. நிலம் இல்லாத இடத்தில் கமம் செய்ய முடியாது. ஆனால் அடுப்பு எரிய வேண்டும். எனவே கைக்கு எட்டிய கூலிவேலைக்குப் போக நேர்கின்றது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களுக்கும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பகுதியில் தங்கிய முஸ்லிம் குடும்பங்களுக்கும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கும், 2008 – 2009 காலத்தில் வன்னியில் இடத்துக்கு இடம் ஓடியவர்களுக்கும் இதுவே நடந்தது. கலப்பை பிடித்த கை தாச்சி சுமந்தது. வெங்காயம் நட்ட பெண்கள் கல்லும் மணலும் அள்ளினார்கள்.

போர் முடிந்தபின் வீடுகள், வீதிகள், பாடசாலைகள், மதகுகள் எனக் கட்டட வேலைகள் பெருகின. காணி திரும்பக் கிடைத்தவர்களிலும் பலர் விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களில் மேசனுக்குக் கையாளாகப் போகின்றனர். காணி கிடைக்காதவர்களுக்கு அதுவே முழுநேரத் தொழிலாகிவிட்டது. வவுனியா, யாழ்ப்பாணம் மட்டுமன்றிக் கொழும்பு வரை எமது இளைஞர்கள் இந்த வேலைக்குச் செல்கின்றனர்.

கமக்காரனுக்குத் தன் நிலத்தின் ஆபத்துக்கள் தெரியும். எந்த வரம்பில் பாம்பு கிடக்கும், எந்தக் கிணற்றின் கட்டு இளகியிருக்கின்றது, காற்று எந்தப் பக்கம் வீசும்போது மருந்து தெளிக்கக் கூடாது என்பவற்றைத் தகப்பனிடமிருந்து கற்றிருப்பான். கட்டட வேலைத்தளம் அப்படியானதல்ல. நேற்று நடந்து சென்ற இடத்தில் இன்று குழி இருக்கும். நேற்று உறுதியாக இருந்த சாரத்தின் கட்டை இன்று வேறு யாரோ அவிழ்த்திருப்பார்கள். அங்கே பழைய அனுபவம் மட்டும் போதாது. ஒவ்வொரு நாளும் அன்றைய ஆபத்தை அன்றைக்கே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். சொன்னதை எழுதி வைக்கவும் வேண்டும். அதைப் பற்றியே இக்கட்டுரை.

நாம் அறிந்த வழக்கமே

கூட்டம் கூடி, பேசி, முடிவை எழுதி வைப்பது எமக்குப் புதிதல்ல. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரைக்குளம் ஆகியவற்றின் கீழ் கமம் செய்தவர்கள் பயிர்ச்செய்கைக் கூட்டத்தை மறந்திருக்க மாட்டார்கள். காலபோகமோ சிறுபோகமோ தொடங்குமுன் அதிகாரிகளும் கமக்காரர்களும் ஒன்றுகூடுவார்கள். எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் துருசு திறப்பது, எந்தத் திகதிக்குள் வேலி அடைப்பது, கட்டாக்காலி மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது என்றெல்லாம் தீர்மானிப்பார்கள். அவை கூட்டறிக்கையில் பதியப்படும். பின்னர் யாருடைய மாடாவது பயிரை மேய்ந்தால், “எனக்குத் தெரியாது” என்று மாட்டுக்காரர் கூற முடியாது. தண்ணீர் பிந்தினால், “அப்படி ஒரு திகதி பேசப்படவில்லை” என்று அதிகாரி கூறவும் முடியாது. எழுத்து இருபக்கத்தையும் கட்டுப்படுத்துகின்றது.

கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் மாதர் சங்கத்திலும் சென்ற கூட்ட அறிக்கையை வாசித்து, முன்மொழிந்து, வழிமொழிந்த பின்னரே அடுத்த விடயத்துக்குப் போகின்றோம். அந்த வாசிப்பு வெறும் சடங்கல்ல. சென்ற முறை ஏற்றுக்கொண்ட வேலையைச் செய்தோமா என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கும் கேள்வி அது. இதே பழக்கத்தை வேலைத்தளத்துக்குக் கொண்டு செல்வதே நாம் இங்கு கூற விரும்புவது.

காலைக் கூட்டம்

வேலை தொடங்குமுன் பத்து நிமிடம் போதும். பெரிய பேச்சு வேண்டியதில்லை. வேலையை நடத்தும் மேசனோ ஓவசியரோ எல்லோரையும் அன்று வேலை நடக்கும் இடத்திலேயே நிற்க வைத்துப் பேச வேண்டும். நிழலில் இருந்து பேசினால் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. சாரத்தின் அருகில் நின்று பேசினால் வெடித்த பலகையைக் கையால் காட்டலாம்.

பல நாடுகளில் இது சட்டமாகவே உள்ளது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கட்டட வேலை நடத்துபவர் குறைந்தது பத்து வேலைநாட்களுக்கு ஒரு தடவை தொழிலாளருடன் இத்தகைய கூட்டம் நடத்த வேண்டும். வாசிங்டன் மாநிலத்தில் வேலையின் தொடக்கத்திலும் பின் வாரத்துக்கு ஒரு தடவையாவதும் நடத்தி, வந்தவர்களையும் பேசிய விடயங்களையும் எழுதி வைக்க வேண்டும். ஜப்பானில் 1974 இல் சுமிற்றோமோ உருக்குத் தொழிலகத்தில் தொடங்கிய ஒரு முறை அந்நாட்டு வேலைத்தளங்கள் பலவற்றிலும் பரவியது. அதில் தொழிலாளர் சிறு குழுவாக நின்று நான்கு கேள்விகளுக்கு விடை தேடுவர்.

1. இந்த வேலையில் என்ன ஆபத்துக்கள் மறைந்துள்ளன?
2. அவற்றுள் மிகப் பெரியது எது?
3. அதைத் தடுக்க எம்மால் என்னென்ன செய்ய முடியும்?
4. இன்று நாம் கட்டாயம் செய்யப்போவது எது?

இந்த நான்கு கேள்விகளுக்கும் காசு செலவில்லை. படித்தவர் தேவையில்லை. நேற்று வந்த கையாளும் விடை சொல்லலாம். உண்மையில், புதிதாக வந்தவரே பல சமயங்களில் மற்றவர்கள் பழகிப்போய்க் கவனிக்காமல் விட்டதைக் காண்பார்.

எதை எழுத வேண்டும்?

நாற்பது பக்கக் கொப்பி ஒன்றும் ஒரு பேனையும் போதுமானவை. தனித் தாள்கள் வேண்டாம். அவை தொலைந்துபோகும், இடையில் செருகவும் முடியும். கொப்பியின் பக்கங்களுக்கு முதலிலேயே இலக்கமிட வேண்டும். பென்சிலால் எழுதக் கூடாது. பிழையாக எழுதியதைச் சுரண்டி அழிக்காமல் ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். இவ்வாறு வைத்த கொப்பியையே மற்றவர்கள் நம்புவார்கள்.

ஒரு நாள் குறிப்பு எப்படி இருக்கலாம் என்பதற்கு மாதிரி ஒன்று கீழே தரப்படுகின்றது. அடைப்புக்குறிக்குள் பெயர் எழுதப்பட வேண்டும்.

பக்கம் 14
திகதி, நேரம்: திங்கட்கிழமை (திகதி), காலை 7.20 முதல் 7.30 வரை
இடம்: பாடசாலைக் கட்டடம், கிழக்குப் பக்கம்
நடத்தியவர்: தலைமை மேசன் (பெயர்)
வந்தவர்கள்: 9 பேர். இவர்களுள் புதியவர் 2 பேர் (பெயரும் கையொப்பமும் கீழே)
இன்றைய வேலை: மேற்சுவருக்குச் சாந்து பூசுதல், நிலத்துக்குக் கொங்கிறீற் போடுதல்
சென்ற கூட்டத் தீர்மானம்: வெள்ளிக்கிழமை கேட்ட ஏணி இன்னும் வரவில்லை. கொந்தராத்துக்காரருக்கு இன்று மீண்டும் அறிவிப்பவர் தலைமை மேசன்.
கண்ட ஆபத்து: (1) சாரத்தின் மூன்றாம் தட்டில் ஒரு பலகை வெடித்துள்ளது. சுட்டிக்காட்டியவர் கையாள் (பெயர்). (2) கலவை இயந்திரத்துக்குப் போகும் வயர் தண்ணீரில் கிடக்கின்றது.
தீர்மானம்: (1) பலகை மாற்றும் வரை மூன்றாம் தட்டில் எவரும் ஏறுவதில்லை. மாற்றுபவர் தச்சர் (பெயர்), காலை 9 மணிக்குள். (2) வயரை உயர்த்திக் கட்டியபின் மட்டுமே இயந்திரத்தை இயக்குவது.
மாலை 4.30: பலகை மாற்றப்பட்டது. வயர் உயர்த்திக் கட்டப்பட்டது. ஏணி வரவில்லை.

இந்தப் பக்கத்தில் மூன்று விடயங்களைக் கவனிக்கவும்.

முதலாவது, “எல்லோரும் கவனமாக வேலை செய்ய வேண்டும்” என்று எங்கும் எழுதப்படவில்லை. அப்படி எழுதினால் எவரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. எந்தப் பலகை, யார் மாற்றுவது, எத்தனை மணிக்குள் என்று எழுதினால்தான் வேலை நடக்கும்.

இரண்டாவது, ஆபத்தைச் சுட்டிக்காட்டியவரின் பெயர் உள்ளது. குறை கூறுபவர் என்று அவரைப் பார்க்காமல், உதவியவர் என்று எழுத்திலே மதிக்கின்றோம். அடுத்த நாள் இன்னொருவரும் வாய் திறப்பார். அவர் பெயர் எழுத விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

மூன்றாவது, ஏணி வரவில்லை என்பது காலையிலும் மாலையிலும் பதியப்பட்டுள்ளது. இதுவே கொப்பியின் மிகப் பயனுள்ள வரி. வாயால் மூன்று முறை கேட்டது காற்றோடு போய்விடும். மூன்று பக்கங்களில் மூன்று திகதிகளுடன் உள்ள கோரிக்கையைப் புறக்கணிக்கக் கொந்தராத்துக்காரர் யோசிப்பார்.

எமது பகுதி வேலைகளில் பேச வேண்டியவை

எதைப் பேசுவது என்று தெரியாமல் கூட்டம் இரண்டு நாளில் நின்றுவிடுவதுண்டு. பின்வருவனவற்றை நாளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

அத்திவாரக் குழி, மலசலகூடக் குழி, கிணறு: ஒரு மீற்றர் நீளமும் அகலமும் உயரமும் கொண்ட மண் ஏறத்தாழ ஒன்றரை தொன் நிறையுடையது. அது நெஞ்சு வரை மூடினாலே மூச்சு நின்றுவிடும். வெட்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு அடி தள்ளிக் கொட்ட வேண்டும். ஆளின் உயரத்துக்குக் குழி ஆழமாகுமுன் பக்கங்களைச் சரிவாக வெட்டவோ பலகை வைத்து முட்டுக் கொடுக்கவோ வேண்டும். மழை பெய்த மறுநாள் குழிக்குள் இறங்குமுன் சுவரைப் பார்த்தவர் யார் என்பதை எழுதவும். பாவிக்காத பழைய கிணற்றுக்குள்ளும் மூடிக் கிடந்த குழிக்குள்ளும் நச்சு வாயு தங்கியிருக்கலாம். உள்ளே மயங்கியவரைத் தூக்க இன்னொருவர் வெறுமனே இறங்குவதால் இரண்டு உயிர் போகும். எனவே மேலே காவல் நிற்பவர் யார், கயிறு எங்கே என்பதைக் காலையிலேயே தீர்மானிக்க வேண்டும்.

வெடிபொருட்கள்: போர் நடந்த நிலத்தில் அத்திவாரம் வெட்டும்போது மண்வெட்டியில் இரும்பு தட்டுப்பட்டால் அடுத்த வெட்டு வெட்டக் கூடாது. தொடவோ, எடுக்கவோ, கல் எறியவோ கூடாது. வந்த வழியே திரும்பி, இடத்தை அடையாளமிட்டு, கிராம அலுவலருக்கும் பொலிசாருக்கும் அறிவிக்க வேண்டும். வடக்கு கிழக்கில் எந்தப் புதிய வேலைத்தளத்திலும் முதல் நாள் கூட்டத்தின் முதல் விடயம் இதுவாகவே இருக்கட்டும். பின்னர் புதிதாக ஒருவர் வரும் ஒவ்வொரு நாளும் மீண்டும் கூறி, கூறியதை எழுத வேண்டும்.

சாரமும் ஏணியும்: உயரத்திலிருந்து விழுவதே கட்டட வேலையில் அதிக உயிர்களைக் குடிக்கின்றது. சாரத்தை யார் கட்டினார், கடைசியாக யார் பார்த்தார் என்று எழுதவும். காற்று மழைக்குப் பின் மீண்டும் பார்க்க வேண்டும். ஏணி நான்கு அடி உயருமாயின் அதன் கால் சுவரிலிருந்து ஒரு அடி வெளியே இருக்க வேண்டும். ஏறி இறங்கும் தட்டுக்கு மேல் மூன்று அடி நீண்டிருக்க வேண்டும்.

கொங்கிறீற் முட்டுக்கள்: மேற்தளத்துக்குக் கொங்கிறீற் போட்ட திகதியையும், முட்டுக்களைக் கழற்றலாம் என்று பொறுப்பான தொழினுட்ப அலுவலர் கூறிய திகதியையும் ஒரே பக்கத்தில் எழுதவும். பலகை வேறு இடத்துக்குத் தேவைப்படுகின்றது என்ற அவசரத்தில் முந்திக் கழற்றும்போதே தளம் இடிந்து விழுகின்றது. “எப்போது போட்டோம்?” என்ற கேள்விக்கு நினைவை நம்பக் கூடாது.

மின்சாரம்: ஒட்டுப்போட்ட வயர், பிளக் இல்லாமல் சொக்கட்டில் செருகிய கம்பி, ஈரத்தில் கிடக்கும் இணைப்பு ஆகியவற்றைக் கண்டால் அன்றே நிறுத்த வேண்டும். ட்ரிப் சுவிச் வேலை செய்கின்றதா என்று அதிலுள்ள பொத்தானை அழுத்திப் பார்த்த திகதியை எழுதவும்.

சீமெந்து: ஈரச் சீமெந்து தோலை எரிக்கும். காலில் பட்டதை மாலை வரை கழுவாமல் விட்டவர்கள் ஆழமான புண்ணுடன் ஆஸ்பத்திரிக்குப் போகின்றனர். கழுவுவதற்கு நல்ல தண்ணீர், கையுறை, சப்பாத்து இருக்கின்றனவா என்று கேட்டு, இல்லாவிட்டால் இல்லை என்றே எழுதவும்.

எழுதியது போய்ச் சேராதபோது

எழுதி வைத்தால் மட்டும் உயிர் தப்பிவிடுமா? இல்லை. இதற்குக் கனடாவில் நடந்த ஒரு பெரும் விபத்து சாட்சி. கியூபெக் நகரின் அருகே சென் லோறன்ஸ் ஆற்றின் மேல் ஓர் இரும்புப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1907 ஓகஸ்ட் மாதத்தில் பாலத்தின் கீழ்ப்பகுதி இரும்புகள் வளைவதைத் தளத்தில் இருந்த பரிசோதகர் கண்டார், அளந்து எழுதினார். முக்கால் அங்குலமாக இருந்த வளைவு சில நாட்களில் இரண்டேகால் அங்குலமாகியது. அந்தக் குறிப்புக்களுடன் அவர் ரயில் ஏறி, நியூயோர்க்கில் இருந்த ஆலோசகப் பொறியியலாளரிடம் போனார். பொறியியலாளர் ஆபத்தை உடனே உணர்ந்து, பாலத்தில் மேலும் பாரம் ஏற்றக் கூடாது என்று தந்தி அடித்தார். ஆனால் தந்தி போனது பென்சில்வேனியாவில் இருந்த கம்பனிக் காரியாலயத்துக்கு, பாலத்துக்கு அல்ல. அங்கிருந்தவர்கள் மறுநாள் காலையில் பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள். ஓகஸ்ட் 29 ஆம் திகதி மாலை, வேலை முடியும் நேரத்தில் பாலம் ஆற்றுக்குள் விழுந்தது. அதன்மேல் நின்ற 86 பேரில் 75 பேர் இறந்தனர்.

இறந்தவர்களுள் 33 பேர் கானவாகே என்ற ஒரே ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடி மக்கள். அதன்பின் அவ்வூர்ப் பெண்கள், தம் ஆண்கள் எல்லோரும் ஒரே வேலைத்தளத்துக்குப் போகக் கூடாது என்று வற்புறுத்தினார்கள் என்று அம்மக்கள் கூறுவர்.

அளவும் சரி, எழுத்தும் சரி, எச்சரிக்கையும் சரி. ஆனால் இரும்பின்மேல் நின்றவர்களுக்கு அது தெரியவில்லை. எனவே கொப்பி இருக்க வேண்டிய இடம் காரியாலயப் பெட்டகம் அல்ல, வேலைத்தளம். அதில் உள்ளது எல்லோர் காதிலும் விழ வேண்டும். ஆபத்து என்று எழுதப்பட்டால், தீர்வு வரும் வரை அந்த இடத்தில் வேலை நிற்க வேண்டும். நிறுத்தும் அதிகாரம் தளத்தில் உள்ள யாருக்கு உண்டு என்பதைக் கொப்பியின் முதற் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

வெறும் கையொப்பத்தின் ஆபத்து

இனி, எமது மக்கள் மிகவும் கவனிக்க வேண்டிய விடயத்துக்கு வருவோம். பெரிய நிறுவனங்களின் வேலைத்தளங்களில் அச்சிட்ட படிவங்கள் உண்டு. கூட்டம் நடவாமலே, சம்பளம் கொடுக்கும்போது சேர்த்து நீட்டி, “இதிலும் ஒரு கையொப்பம் போடுங்கோ” என்று கேட்கப்படுவதுண்டு. படிவம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். என்ன எழுதப்பட்டுள்ளது என்று தெரியாமலே நாம் கையொப்பமிடுகின்றோம்.

இது சிறிய விடயமல்ல. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி வேலையின்போது ஏற்படும் விபத்துக்குத் தொழில்கொள்வோர் நட்டஈடு வழங்க வேண்டும். ஆனால் மரணம் அல்லாத காயங்களில், தொழிலாளி மதுபோதையில் இருந்தார் என்றோ, தெளிவாகக் கூறப்பட்ட பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறினார் என்றோ நிரூபித்தால் நட்டஈடு மறுக்கப்படலாம். “இடுப்புப் பட்டி கட்டாமல் ஏற வேண்டாம் என்று கூறினோம், இதோ அவருடைய கையொப்பம்” என்று ஒரு தாளைக் காட்டினால், அப்படி எவரும் கூறவில்லை, பட்டியும் தரவில்லை என்பதை நாமே நிரூபிக்க வேண்டிய நிலை வரும். உண்மையான கூட்டக் குறிப்பு எமக்குப் பாதுகாப்பு. நடக்காத கூட்டத்தின் குறிப்பு எமக்கு எதிரான சாட்சி.

ஆகவே கையொப்பமிடுமுன் மூன்று விடயங்களைக் கேளுங்கள். இந்தக் கூட்டம் நடந்ததா? நான் அதில் நின்றேனா? இதில் எழுதியிருப்பதை எனக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டினார்களா? பிந்தி வந்திருந்தால் வந்த நேரத்தைக் கையொப்பத்தின் பக்கத்தில் எழுதுங்கள். எழுதாமல் விட்ட இடம் இருந்தால் கோடு கீறி மூடச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் பெருவிரல் அடையாளம் வைக்கவே வேண்டாம்.

நாட்கூலிக்குப் போகின்றவர் தனியே நின்று இப்படிக் கேட்டால் நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் நியாயமானதே. அதனால் தனியே கேட்காமல், ஊரிலிருந்து ஒன்றாகப் போகும் ஐந்தாறு பேரும் முதலிலேயே பேசி, மரியாதையாக ஒரே குரலில் கேளுங்கள். “ஐயா, வாசித்துக் காட்டினால் நாங்களும் அதன்படி செய்யலாம்” என்றால் அதில் சண்டைக்கு இடமில்லை. அதுவும் முடியாத இடத்தில், சட்டைப் பைக்குள் ஒரு சிறு கொப்பி வைத்திருப்பதை எவரும் தடுக்க முடியாது. ஒவ்வொரு மாலையும் திகதி, வேலை செய்த இடம், வேலைக்கு எடுத்தவர், செய்த வேலை, கூலி, அன்று கூறப்பட்ட அல்லது கூறப்படாத ஆபத்து ஆகியவற்றை எழுதுங்கள். இன்று பெரும்பாலான வீடுகளில் கைத்தொலைபேசி உண்டு. தளத்துக் கொப்பியின் அன்றைய பக்கத்தைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அது தொலையாது.

விபத்து நேர்ந்தால்

முதலில் உயிரைக் காக்க வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அந்த இலக்கத்தையும் தளத்தின் விலாசத்தையும் கொப்பியின் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரியில் எப்படிக் காயம் ஏற்பட்டது என்று கேட்கும்போது, வேலைத்தளத்தில் நடந்தது என்று உண்மையைக் கூற வேண்டும். “வீட்டில் விழுந்ததாகச் சொல், செலவைப் பார்த்துக்கொள்கின்றேன்” என்று யாராவது கூறினால் அதற்கு உடன்படக் கூடாது. பின்னர் நட்டஈடு கேட்க அந்த ஆஸ்பத்திரிப் பதிவே தடையாகும்.

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் பல விதிகள் தொழிலாக நடத்தப்படும் கட்டட வேலைகளுக்கும் பொருந்தும். மரணம் நேர்ந்தாலோ, காயமடைந்தவர் மூன்று நாட்களுக்கு மேல் முழுச் சம்பளம் உழைக்க முடியாமல் போனாலோ தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் குடும்பத்தினர் மாவட்டத் தொழில் காரியாலயத்துக்குத் தாமே செல்லலாம். நட்டஈட்டுக் கோரிக்கை வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் செய்யப்பட வேண்டும், தாமதிக்கக் கூடாது.

அப்போது கேட்கப்படும் முதலாவது கேள்வி, “இவர் அங்கே வேலை செய்தாரா?” என்பதே. நியமனக் கடிதம் இல்லாத, கூலியைக் கையில் வாங்கும் எமது ஆட்களுக்கு இதுவே மிகக் கடினமான கேள்வி. வேலைத்தள வரவேட்டில் பெயர் இல்லாதவர்கள் பலர். ஆனால் காலைக் கூட்டக் கொப்பியில், மற்ற எட்டுப் பேருடைய கையொப்பத்துடன் அவருடைய கையொப்பமும் திகதியும் இருக்கும். சாரத்தின் பலகை வெடித்திருந்தது என்று இரண்டு நாட்களுக்கு முன் எழுதிய வரியும் இருக்கும். ஊழியர் சேமலாப நிதிக்கு உரிமை கோரும்போதும் இந்தக் கையொப்பங்கள் உதவும். நாட்கூலிக்கு வேலை செய்பவருக்கும் அந்த நிதி உரியது என்பதை எம்மிற் பலர் அறியாதிருக்கின்றனர்.

இதனால் வீட்டிலுள்ள பெண்களுக்கும் இதில் பங்குண்டு. கணவரோ மகனோ எந்த இடத்தில், யாருடைய கொந்தராத்தில் வேலை செய்கின்றார் என்பது வீட்டில் எழுத்தில் இருக்க வேண்டும். விபத்து நடந்த அன்று அதைத் தேடித் திரியும் நிலை வரக் கூடாது.

எமது வீட்டு வேலையிலும்

இந்திய வீட்டுத் திட்டத்தில் 2012 இலிருந்து பல குடும்பங்கள் தாமே மேசனைப் பிடித்து வீடு கட்டினார்கள். ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, வேலையின் கட்டங்களைப் பார்த்துப் பகுதி பகுதியாகக் கொடுக்கப்பட்டது. அத்திவாரம் முடிந்ததா, கூரை போட்டாயிற்றா என்ற பதிவுகள் கோவையில் உண்டு. வேலை செய்தவர்களின் பாதுகாப்புக்கு எத்தனை வீடுகளில் ஒரு பக்கம் எழுதப்பட்டது? சொந்த வீடு கட்டும்போது, உறவினரும் அயலாரும் சிரமதானமாக உதவும்போது, நாமே பொறுப்பாளிகள் ஆகின்றோம். சம்பளம் வாங்காமல் வந்த அயலவரும் விழுந்தால் கால் முறியும். கொந்தராத்துக்காரரிடம் எதை எதிர்பார்க்கின்றோமோ அதை எமது வளவிலும் செய்ய வேண்டும்.

எப்படித் தொடங்கலாம்?

கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இதைத் தொடங்கி வைக்கலாம். சங்கத்தின் மூலம் செய்யும் சிறு மதகு, பொதுநோக்கு மண்டபம், கிணறு கட்டும் வேலைகளில் காலைக் கூட்டக் கொப்பியைக் கட்டாயமாக்கலாம். எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவரையோ யுவதி ஒருவரையோ குறிப்பெழுதுநராகத் தெரிந்து, அவருக்கு அந்தப் பத்து நிமிடத்துக்கும் கூலி சேர்த்துக் கொடுக்கலாம். மாதம் ஒரு முறை சங்கக் கூட்டத்தில் அக்கொப்பியை வாசித்து, தீராமல் இருக்கும் விடயங்களைப் பட்டியலிடலாம். வேலை முடிந்தபின் கொப்பியைச் சங்கத்தின் ஏனைய புத்தகங்களுடன் வைத்திருக்க வேண்டும். எரிக்கவோ கடைக்குப் போடவோ கூடாது.

இங்கே பழகியவர்கள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போகும்போது, கையொப்பத் தாளை நீட்டினால் முதலில் வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். காணி திரும்பி வரும் நாளில் அதை உழுவதற்கு முழு உடம்புடன் ஆள் வேண்டும். அதுவரை வேலைத்தளத்தில் எமது உடம்பைக் காக்கும் வேலிகளில் இந்தக் கொப்பியும் ஒன்று. அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போகுமுன் ஒரு கொப்பி வாங்குங்கள். பக்கங்களுக்கு இலக்கமிடுங்கள். முதற் பக்கத்தில் திகதியைப் போட்டு, அன்று கண்ட முதல் ஆபத்தை எழுதுங்கள்.